ஜிஆர்இ வசனக் கணக்குகள்: ‘எக்ஸ் என்க’ எழுதுவதற்கு முன்

இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, பொறியியலோ விஞ்ஞானமோ படித்து முடித்து, வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜிஆர்இ என்ற நுழைவுப் பரீட்சை எடுக்க வெளிக்கிடுகிற எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதப் பகுதியில் வருவது ஒரு விசித்திரமான தலையிடி. அதில் திரிகோணகணிதம் இல்லை, நுண்கணிதமும் இல்லை. எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், தரவு ஆகியவைதான் வருகின்றன. சாதாரண தரத்தை ஒழுங்காகப் படித்தவருக்குத் தெரியாத விடயம் அதில் மிகக் குறைவு. அப்படியிருந்தும் நேரம் போதாமல் கடைசி மூன்று நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டு வருகிறார்கள்.

காரணம் பழக்கம் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்து ரியூசன் வாங்கில் இருந்து படித்த எவருக்கும் வசனக் கணக்கைக் கண்டவுடன் கை தானாக எழுதுவது ‘தெரியாக்கணியம் எக்ஸ் என்க’ என்றுதான். உயர்தரத்தில் அது சரி, அங்கே படிமுறைக்குப் புள்ளி உண்டு. ஜிஆர்இயில் உங்கள் படிமுறையை யாரும் பார்ப்பதில்லை. விடை சரியா பிழையா என்பது மட்டுமே கணக்கு. ஆகவே சமன்பாட்டை எப்படிப் பின்போடுவது, எந்த இடத்தில் மட்டும் அதைக் கூப்பிடுவது என்பதைப் பற்றியே இங்கே பேசப் போகிறேன்.

## நேரம்

2023 செப்டெம்பரில் பரீட்சையைச் சுருக்கிய பிறகு கணிதத்துக்கு இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. முதலாவதில் 12 கேள்விகள், 21 நிமிடம். இரண்டாவதில் 15 கேள்விகள், 26 நிமிடம். பிரித்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நிமிடம். முதற் பிரிவை நன்றாகச் செய்தால் இரண்டாவது பிரிவு கடினமாக வரும். அது கெட்ட செய்தி இல்லை, உயர்ந்த புள்ளிக்குப் போகும் வழி அதுதான். புள்ளி 130 முதல் 170 வரை. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, எனவே ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது.

வணிக முகாமைத்துவ மேற்படிப்புக்காக ஜிமாட் பரீட்சை எடுப்பவர்களுக்குக் கணிதத்தில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள். அங்கே கணிதப் பகுதியில் கணிப்பானும் இல்லை. கீழே சொல்வது அவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

## படி 1: கடைசி வரியை முதலில் வாசியுங்கள்

என்ன கேட்கிறார்கள்? எந்த அலகில்? இந்த இரண்டையும் தாளின் மூலையில் எழுதி வட்டமிட்டு விட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். ஐந்து செக்கன் வேலை. இதைச் செய்யாதவர்கள் கணக்கைச் சரியாகச் செய்து விடையைப் பிழையாகத் தெரிவு செய்கிறார்கள். விடைத் தெரிவுகளில் இடைவழி எண்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும்.

ஒரு உதாரணம். 12 பேர் ஒரு மதிலை 15 நாளில் கட்டி முடிப்பார்கள். 5 நாள் வேலை செய்த பிறகு 4 பேர் விலகிவிட்டார்கள். தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் எத்தனை நாளில் வேலை முடியும்? மொத்த வேலை 12 × 15 = 180 ஆள்நாள். முதல் ஐந்து நாளில் முடிந்தது 60. மிச்சம் 120, ஆட்கள் 8, எனவே இன்னும் 15 நாள். தெரிவுகளில் 15 கட்டாயம் இருக்கும். கேட்டது மொத்த நாட்கள்: 20.

## படி 2: கதையைப் பிரதி பண்ண வேண்டாம்

பெயர், ஊர், எதற்காகப் போனார் என்பதெல்லாம் தாளுக்கு வரத் தேவையில்லை. எண்ணும் உறவும் மட்டும் போதும். வயதுக் கணக்கு என்றால் இரண்டு நிரல் உள்ள சிறு அட்டவணை, பயணக் கணக்கு என்றால் ஒரு கோடு, கலவைக் கணக்கு என்றால் இரண்டு பெட்டிகள். தமிழ் மொழிமூலத்தில் படித்தவர்கள் ஆங்கில வசனம் முழுவதையும் மனதுக்குள் தமிழாக்கிய பிறகு கணக்கைத் தொடங்குவார்கள். அது வேண்டாம். ஒரு வசனத்தை வாசித்து முடித்ததும் அதில் இருந்த எண்ணும் உறவும் தாளில் விழுந்துவிட வேண்டும், பிறகு அந்த வசனத்துக்குத் திரும்பவே கூடாது.

## படி 3: வழியைத் தெரிவு செய்யுங்கள்

இதுதான் முக்கியமான இடம். பத்து செக்கன் பேனையைக் கீழே வையுங்கள். எக்ஸ் எழுதாமல் முடிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

உண்மையான தொகையே கொடுக்கவில்லையா? நீங்களே ஒரு எண்ணை வையுங்கள். சதவீதம் மட்டும் வந்தால் 100. ஒரு வியாபாரி கொள்விலையில் 40% கூட்டி விலை குறிக்கிறார், பிறகு 15% கழிவு கொடுக்கிறார். இலாபம் என்ன? 100, 140, அதில் 15% ஆன 21 போக 119. இலாபம் 19%. முடிந்தது. 40 இலிருந்து 15ஐக் கழித்து 25 என்று சொல்பவருக்காகவே 25 அங்கே காத்திருக்கும்.

பின்னங்கள் வந்தால் 100 உதவாது. பகுதிகளின் பொது மடங்குகளுட் சிறியதை எடுங்கள். ஒரு வகுப்பில் 2/5 பங்கினர் ஆண்கள். ஆண்களில் 1/4 பங்கினரும் பெண்களில் 1/3 பங்கினரும் தீவகத்திலிருந்து வருகிறார்கள். மொத்த வகுப்பில் தீவகத்தார் என்ன பின்னம்? 5, 4, 3 ஆகியவற்றுக்கு 60. ஆண்கள் 24, அதில் 6 பேர். பெண்கள் 36, அதில் 12 பேர். 18/60, அதாவது 3/10.

விடைகள் கண்முன்னே இருக்கின்றனவா? போட்டுப் பாருங்கள். எங்கள் ஆட்கள் இதைக் கள்ள வேலை மாதிரி நினைக்கிறார்கள். அந்தக் கூச்சம் நேரத்தைத் தின்னும். பட்டப்படிப்பு முடித்த ஒரு அணி காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போக 24,000 ரூபாவுக்கு ஒரு பஸ் பிடிக்கிறது, செலவைச் சமமாகப் பங்கிடுவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் 4 பேர் வரவில்லை. மிச்சப் பேர் ஒவ்வொருவரும் 500 ரூபா கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்தது. முதலில் எத்தனை பேர்? தெரிவுகள் 16, 20, 24, 30, 40.

எக்ஸ் வைத்தால் இருபடிச் சமன்பாடு வரும், காரணிப்படுத்த வேண்டும். விடைகள் ஏறுவரிசையில் இருப்பதால் நடுவிலிருந்து தொடங்குங்கள். 24 பேர் என்றால் ஆளுக்கு 1,000. 20 பேராகக் குறைந்தால் 1,200. வித்தியாசம் 200 தான், போதாது. ஆட்கள் குறையக் குறைய வித்தியாசம் பெருகும், எனவே 30உம் 40உம் போய்விட்டன. 20 பேர் என்றால் 1,200, 16 பேராகும்போது 1,500. வித்தியாசம் 300. இதுவும் போதாது. மிஞ்சியது 16. பார்க்க விரும்பினால் பாருங்கள்: 1,500, பிறகு 12 பேருக்கு 2,000. நடுவிலிருந்து தொடங்கினால் இரண்டு முறைக்கு மேல் போட்டுப் பார்க்க வேண்டி வருவது அபூர்வம்.

சரியான விடைகள் எல்லாவற்றையும் தெரிவு செய்யச் சொல்லும் கேள்விகளிலும் இதே வேலைதான். ஆனால் அங்கே ஒன்று விடுபட்டாலும் புள்ளி இல்லை, எனவே எல்லைகளை இரண்டு பக்கமும் சோதியுங்கள்.

இரண்டு வகை கலந்திருக்கிறதா? எல்லாம் ஒரே வகை என்று எடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு கச்சான் கடையில் 100 ரூபாப் பொதியும் 150 ரூபாப் பொதியுமாக 60 பொதிகள் விற்று 7,200 ரூபா வந்தது. 150 ரூபாப் பொதி எத்தனை? ஒருங்கமை சமன்பாடு எழுதலாம், எழுதாமலும் விடலாம். 60உம் 100 ரூபாப் பொதி என்றால் 6,000. கூடுதலாக வந்தது 1,200. ஒரு பொதியை மாற்றினால் 50 கூடும். 1,200 ÷ 50 = 24.

கலவைக் கணக்கும் இதே குடும்பம்தான். கிலோ 220 ரூபா அரிசியையும் 260 ரூபா அரிசியையும் கலந்து 232 ரூபா அடக்கமாக வர வேண்டும். 232 என்பது 220 இலிருந்து 12 தூரம், 260 இலிருந்து 28 தூரம். கலக்கும் விகிதம் தூரங்களின் தலைகீழ்: மலிவானது 28, விலை கூடியது 12, அதாவது 7:3. விடை மலிவான விலைக்குக் கிட்ட இருப்பதால் மலிவான அரிசிதான் கூட இருக்க வேண்டும். இந்த ஒரு பார்வையிலேயே பாதித் தெரிவுகள் விழுந்துவிடும். இரண்டு வகுப்புகளின் சராசரியைச் சேர்ப்பது, அமிலக் கரைசல் இரண்டைக் கலப்பது, இரண்டு வட்டி வீதத்தில் காசு போடுவது எல்லாம் இதுவே.

விகிதம் வந்தால் பங்காக எண்ணுங்கள். இரண்டு உண்டியலில் உள்ள காசு 5:3. முதலாவதிலிருந்து 400 ரூபாவை இரண்டாவதுக்கு மாற்றினால் சமமாகும். மொத்தம் எவ்வளவு? 400 இங்கே குறைந்து அங்கே கூடுவதால் முதலில் இருந்த வித்தியாசம் 800. அது 2 பங்கு. ஒரு பங்கு 400, எட்டுப் பங்கு 3,200.

வேலை, தண்ணீர்த் தாங்கி. 1/6 + 1/4 என்று பின்னம் கூட்டத் தொடங்காதீர்கள். தோட்டத்துத் தாங்கியை ஒரு பம்ப் 6 மணித்தியாலத்திலும் இன்னொன்று 4 மணித்தியாலத்திலும் நிரப்பும் என்றால், தாங்கியின் கொள்ளளவை 12 என்று வையுங்கள். ஒன்று மணிக்கு 2, மற்றது மணிக்கு 3. இரண்டும் ஓடினால் மணிக்கு 5, எனவே 12/5 மணித்தியாலம், அதாவது 2 மணி 24 நிமிடம். இரண்டும் ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு பெரிய பம்ப் நின்றுபோனால்? 5 நிரம்பியது, 7 மிச்சம், மணிக்கு 2 வீதம் மூன்றரை மணித்தியாலம். மொத்தம் நாலரை. கேள்வியை எவ்வளவு முறுக்கினாலும் முழு எண்ணிலேயே நிற்கலாம்.

சமன்பாடு எப்போது? விடையை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்வியில் போட்டுப் பார்க்கத் தெரிவுகள் இல்லை. அங்கேயும் தெரியாக்கணியத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கெட்டித்தனம். 5 வருடங்களுக்கு முன் தாயின் வயது மகனின் வயதைப் போல் 7 மடங்கு. இன்னும் 5 வருடங்களில் 3 மடங்கு. மகனின் இப்போதைய வயது? இப்போதைய வயதை எக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி வரும், இரண்டு மாறிகளும் வரும். மிகப் பழைய காலத்தில் வையுங்கள்: அப்போது மகன் எக்ஸ், தாய் 7 எக்ஸ். அங்கிருந்து பத்து வருடத்தில் 7 எக்ஸ் + 10 = 3(எக்ஸ் + 10). எக்ஸ் 5. கேட்டது இப்போதைய வயது, எனவே 10. 5 என்று தட்டிவிட்டுப் போகாமல் இருக்கத்தான் படி 1.

## சதவீதத்தில் ஒரே ஒரு கேள்வி: எதனுடைய?

சதவீதக் கணக்கில் விழுகிறவர்கள் எல்லோரும் ஒரே கிடங்கில்தான் விழுகிறார்கள். அடிப்படை மாறியதைக் கவனிப்பதில்லை.

100 கிலோ ஈர வெங்காயத்தில் 80% தண்ணீர் என்று வைப்போம். காயவிட்ட பிறகு 75% தண்ணீர். இப்போது நிறை என்ன? வேகமாக வாசித்தவர் 95 என்பார். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால் குழப்பம்தான், ஏனென்றால் தண்ணீரும் மாறுகிறது, மொத்தமும் மாறுகிறது. மாறாதது எது என்று கேளுங்கள். வெங்காயத்தின் திண்மப் பகுதி, 20 கிலோ. காய்ந்த பிறகு அது மொத்தத்தில் 25%. 25% என்பது 20 கிலோ என்றால் மொத்தம் 80 கிலோ. தண்ணீர் ஐந்து சதவீதம் குறைந்த மாதிரித் தெரிந்தாலும் நிறையில் போனது 20 கிலோ.

எதையாவது ஆவியாக்கும், காயவைக்கும், தண்ணீர் கலக்கும் கணக்கு வந்தால் மாறாத பொருளைப் பிடியுங்கள். உப்புக் கரைசலில் உப்பு, பாலில் தண்ணீர் கலந்தால் பால். சுன்னாகச் சந்தையில் வெங்காயம் விற்கிறவருக்கு இது பாடமே இல்லாமல் தெரியும்.

இதன் தம்பி மாதிரி இன்னொன்று: முதலாவது எண் இரண்டாவதை விட 25% கூட என்றால், இரண்டாவது முதலாவதை விட எத்தனை சதவீதம் குறைவு? 100, 125. வித்தியாசம் 25, ஆனால் இப்போது அடிப்படை 125. விடை 20%.

## கதி

போகும்போது மணிக்கு 40 கிலோமீற்றர், திரும்பும்போது அதே பாதையில் 60. சராசரிக் கதி 50 இல்லை. மெதுவாகப் போனதில்தான் கூடுதல் நேரம் செலவாகிறது, எனவே சராசரி 40இன் பக்கம் சாயும். 40க்கும் 50க்கும் இடையில், 50க்குக் கொஞ்சம் கீழே. பல கேள்விகளில் இந்த இடத்திலேயே ஒரு தெரிவுதான் மிஞ்சும். செய்து பார்க்க வேண்டுமென்றால் ஒரு வழித் தூரத்தை 120 என்று வையுங்கள்: 3 மணித்தியாலம், 2 மணித்தியாலம், மொத்தம் 240 கிலோமீற்றர், 5 மணித்தியாலம், மணிக்கு 48.

எதிரெதிரே வருகிறவர்களுக்குக் கதியைக் கூட்டுங்கள், துரத்துகிறவருக்குக் கழியுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. அலகு மாற்றத்தில் மட்டும் கண் இருக்கட்டும், கேள்வி நிமிடத்தில் கேட்டுத் தகவலை மணியில் தருவது அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு.

## ஒப்பீட்டுக் கேள்விகள்

இரண்டு கணியங்கள் தந்து எது பெரிது என்பார்கள். தெரிவுகள் எப்போதும் அதே நான்கு: முதலாவது பெரிது, இரண்டாவது பெரிது, சமம், தகவல் போதாது. இங்கே முழு விடையையும் கண்டுபிடிப்பவர் வீண் வேலை செய்கிறார். ஒரு பொருளின் விலை 20% கூடி, பிறகு 20% குறைந்தது; புதிய விலையா பழைய விலையா பெரிது? கூட்டியது சிறிய எண்ணில், குறைத்தது பெரிய எண்ணில். பழையதுதான் பெரிது, 96 என்று காணவும் தேவையில்லை.

ஒரு வகுப்பின் சராசரி 60, மற்றதின் சராசரி 80. இரண்டையும் சேர்த்த சராசரிக்கும் 70க்கும் எது பெரிது? பிள்ளைகளின் எண்ணிக்கை தரவில்லை, தகவல் போதாது. கணக்குக் கெட்டிக்காரர் இதில்தான் விழுவார், ஏனென்றால் விடை இல்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வராது. இரண்டு வெவ்வேறு எண்களைப் போட்டு இரண்டு வெவ்வேறு முடிவு வந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

## கணிப்பான்

ஜிஆர்இ திரையில் ஒரு கணிப்பான் தருகிறார்கள்: நான்கு செய்கை, வர்க்கமூலம், அடைப்புக்குறி. மடக்கை அட்டவணையைப் புரட்டி வளர்ந்த எங்களுக்கு அது பெரிய சலுகை மாதிரித் தெரியும். உண்மையில் மவுஸைப் பிடித்து 15 × 24 தட்டி முடிப்பதற்குள் மனதில் இரண்டு தரம் செய்துவிடலாம். 1/8 என்றால் 12.5%, 1/6 என்றால் 16⅔%, 1/12 என்றால் 8⅓% என்று கைக்குள் இருக்கட்டும். நான்கு இலக்க எண்களைப் பெருக்க வேண்டி வந்தால் கணிப்பானுக்குப் போவதற்கு முன் ஒரு தரம் சந்தேகப்படுங்கள்: எங்கேயோ சுருக்க மறந்திருக்கிறீர்கள். தரவு அட்டவணைக் கேள்விகளில் மட்டும் தயங்காமல் பாவியுங்கள்.

## பயிற்சி

நூறு கணக்குச் செய்வதை விட இருபது கணக்கை இரண்டு வழியில் செய்வது பிரயோசனம். முதலில் எக்ஸ் வைத்து, பிறகு எக்ஸ் இல்லாமல், இரண்டுக்கும் எடுத்த நேரத்தைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு கிழமை போன பிறகு எந்த வகைக் கணக்கில் உங்களுக்கு எந்த வழி வேகம் என்று அந்தக் கொப்பியே சொல்லும். சிலருக்குக் கலவைக் கணக்கில் சமன்பாடுதான் வேகமாக வரும். அப்படியென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

பிழைத்த கணக்கைத் திருத்தும்போது ‘கவனக்குறைவு’ என்று எழுதி மூடாதீர்கள். கேட்டதை வாசிக்கவில்லையா, அடிப்படை மாறியதா, அலகா, பெருக்கலா? இந்த நான்கில் ஒன்றை எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே வகைதான் திரும்பத் திரும்ப வரும்.

பிரிவுக்குள் கேள்விகளை அடையாளமிட்டு விட்டுத் திரும்பி வரலாம். எனவே முழுப் பிரிவையும் இரண்டு சுற்றில் செய்யப் பழகுங்கள். அரை நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் ஏதோ ஒரு விடையைத் தெரிவு செய்து, அடையாளமிட்டு, அடுத்ததுக்குப் போங்கள். வழி தெரிந்தும் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அதையும் விடுங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே பெறுமதி, பிடிவாதத்துக்குத் தனிப் புள்ளி இல்லை.

பரீட்சையை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தின் பவர்பிரெப் தளத்தில் இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகள் இலவசமாக இருக்கின்றன. ஒன்றை ஆரம்பத்திலேயே எடுத்து வீணாக்காமல், மேலே சொன்ன பழக்கம் கைக்கு வந்த பிறகு முதலாவதையும், பரீட்சைக்கு ஒரு கிழமை முன் இரண்டாவதையும் எடுங்கள்.

வீட்டிலிருந்தே எழுதுவதாக இருந்தால் இன்னொரு விடயம். அங்கே சாதாரண தாளில் எழுத விடமாட்டார்கள். அழிக்கக்கூடிய சிறிய வெள்ளைப் பலகை, அல்லது ஒளிபுகும் உறைக்குள் வைத்த தாள், இரண்டிலொன்றுதான். கொப்பியில் பொடி எழுத்தில் பழகியவருக்கு மார்க்கர் பேனையால் பலகையில் எழுதும்போது நாலு வரியிலேயே இடம் முடிந்துவிடும். ஆகவே யாழ்ப்பாண நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் ஒரு பலகையை வாங்கி, கடைசி இரண்டு கிழமையும் எல்லாக் கணக்கையும் அதிலேயே செய்யுங்கள். எழுத இடம் இல்லாதபோது ‘எக்ஸ் என்க’ தானாகவே குறையும். அறையில் வேறு ஒருவரும் இருக்கக் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும் என்பதை அம்மாவுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள், தேத்தண்ணியோடு வந்துவிடுவார்.